சூதாட்டம் என்று யாரும் சொல்லாத ஊரில்

முதல் வாரத்தில் நான் சந்தித்த யாருமே சூதாடவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

வேலை இதுதான். குடிப்பழக்கமும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களும் குடும்பங்களை என்ன செய்கின்றன என்று வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று ஆய்வு நடத்தியது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருக்களில் போய்ப் பேசி, பதில்களை ஒரு டேப்லெட்டில் பதிவதற்கு ஆள் தேவைப்பட்டது. நான் சமூகப்பணி படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்வரை வீட்டில் இருந்தேன். உள்ளூர்க்காரி, கூச்சப்படாமல் பேசுவாள் என்று என்னை எடுத்தார்கள். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா, "குடிக்கவன் வீட்டுக்கெல்லாம் போயா கேக்கப் போறே?" என்று முகம் சுளித்தார். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் "இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்று முதலில் கேட்பவரும் அவரே. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது ஆய்வின் விதி. அப்பாவுக்கு அதில் பெரிய ஏமாற்றம்.

டேப்லெட்டில் இருந்த கேள்வி இப்படி: 'கடந்த ஓராண்டில் நீங்கள் சூதாட்டத்தில் ஈடுபட்டதுண்டா?' இதை நான் வாசித்ததும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். "சூதாட்டமா? நம்ம குடும்பத்துலயா?" என்பார். சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டில், நான் குழு லோன் வசூலிக்க வந்தவள் என்று கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், மகளிர் உதவித்தொகைக்குத்தான் விசாரணை நடக்கிறது என்று நினைத்து, எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, ஆடுவதில்லை, டிவிகூடப் பார்ப்பதில்லை என்றார்கள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

பொய் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் ஃபோனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போட்டீரா வே?" "போட்டேன். மொத மூணு கையும் போயிட்டு." அவர்கள் பேசுவதில் சூதாட்டம் என்ற சொல்லே வரவில்லை. நான் தயங்கித் தயங்கி, "அண்ணே, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேமும்மா. சும்மா டைம்பாஸு."

"சூதாட்டம்னு சொல்லலாமா?"

"எதுக்கு? சூதாட்டம்னா தோப்புக்குள்ள சீட்டு வெச்சு ஆடி, போலீஸ் பிடிச்சு, பேப்பர்ல போட்டோ வாரது. இது ஃபோன்ல உள்ளது. விளம்பரத்துல நடிகரே சொல்லுதாரு."

அன்று மாலை, ஆய்வை நடத்திய பேராசிரியைக்கு ஃபோன் செய்தேன். மனநல மருத்துவர் அவர். சென்னைத் தமிழில் வேகமாகப் பேசுவார். நடந்ததைச் சொன்னதும், கேள்வித்தாளைக் கொஞ்ச நாள் மூடி வைக்கச் சொன்னார். "அவங்க பொய் சொல்லல. நாமதான் அவங்களுக்குத் தெரியாத ஒண்ணைப் பத்திக் கேக்கிறோம். ஊர்ல எதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிறந்து வளர்ந்த ஊரில், எனக்குத் தெரியாத ஒரு பேச்சு இவ்வளவு நாளாக என் காதுக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது! கேரளா லாட்டரியின் கடைசி எண்களைச் சொல்லிப் பணம் கட்டுவது 'நம்பர் போடுறது'. ஃபோன் சீட்டாட்டம் 'ரம்மி', இல்லாவிட்டால் வெறும் 'கேமு'. கிரிக்கெட்டுக்குக் கட்டுவது 'டீம் போடுறது'. குடி விஷயத்திலும் அப்படித்தான். "குடிப்பீங்களா?" என்று கேட்டால் "எப்பவாவது" என்று பதில் வரும். இந்த 'எப்பவாவது' ஒருவருக்குத் தீபாவளி, இன்னொருவருக்குச் சனிக்கிழமை, மற்றொருவருக்குத் தினமும் வேலை முடிந்த பிறகு. மூவரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

கேள்வியை 'ஃபோன்லயோ நேர்லயோ பணம் கட்டி ஏதாவது ஆடுதீங்களா?' என்று மாற்றிய பிறகு ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான், அவரும் அவர் மனைவியும் சம்மதித்ததால், சொல்ல வந்தேன். அவரை இங்கே அண்ணாச்சி என்றே சொல்கிறேன். நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

அவர் ஒரு தறி ஷெட்டில் வேலை பார்த்தார். நாற்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை. தறிகள் ஓடும்போது அங்கே பேச முடியாது. காதுக்குள் கத்தினால்தான் கேட்கும். அதனால் சாப்பாட்டு நேரத்தில், ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நான் விதிகளை எல்லாம் வாசித்துக் காட்டினேன். அவர் சொல்வதை அவர் வீட்டிலும் சொல்ல மாட்டேன், முதலாளியிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

"அது சரி மேடம். மொதல்ல ஒண்ணு எழுதிக்கோங்க. நான் குடிய விட்டுட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. எப்படி விட்டார் என்று கேட்டேன். அந்தக் கேள்வி டேப்லெட்டில் இல்லை. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது.

"தறியில இழை அத்துட்டுன்னா, நிப்பாட்டி, அந்த இழையப் பிடிச்சு முடிச்சுப் போடணும். கண்ண மூடிட்டுப் போடுவேன் நான். ஒரு நாள் காலைல முடிச்சு விழல. கை அப்படி ஆடுது. போயி ஒரு கட்டிங் போட்டுட்டு வந்தேன். கை நின்னுட்டு, முடிச்சு விழுந்துட்டு. அப்பம்தான் பயம் வந்துட்டு மேடம். குடிச்சாத்தான் கை நம்ம கையாட்டு இருக்குன்னா, குடிக்காதப்ப அது யார் கை?"

அவராகவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சில நாள் படுக்கையில் வைத்து, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நடுக்கம் நின்றது. வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லாத ஒரு சிக்கல் வந்தது. சாயங்காலம்.

"ஷிப்டு முடிஞ்சு வெளிய வருவேன். கால் தானா கடைப் பக்கம் திரும்பும். திருப்பிப் பிடிச்சு வீட்டுக்குக் கொண்டு போவேன். வீட்ல போயி என்ன செய்ய? ஒக்காந்திருப்பேன். பொழுது போகவே செய்யாது. ஒரு மனுசனுக்குச் சாயங்காலம் இவ்வளவு பெருசா இருக்கும்னு எனக்குத் தெரியாது."

கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஃபோனில் ரம்மியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். முதலில் சாயங்காலம் மட்டும். பிறகு தறி ஓடும்போதும். விசைத்தறியில் இழை அறுந்தால்தான் ஆளுக்கு வேலை. அதுவரை நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு கை ஆடிவிடலாம். இழை அறுந்ததைக் கவனிக்காமல் போய், சேலையில் நெடுகக் கோடு விழுந்து, முதலாளி இரண்டொரு தடவை சத்தம் போட்டிருக்கிறார்.

"வீட்ல தெரியுமா?"

"கேமுதான மேடம். இதப் போயி என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு தரையைப் பார்த்தபடி, "தெரியாது" என்றார்.

இரண்டாவது தடவை பேசியபோது அவர் சொன்ன ஒன்று என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. குடிக்கும், ஆட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தேன். அவர் சொன்னார்: "கடையில வரிசையில நிப்பேன்லா? பாட்டில் கைக்கு வாரதுக்கு முன்னாடியே நடுக்கம் கொறஞ்சிரும். வரிசையில நின்ன ஒடனே கொறஞ்சிரும். இதுலயும் அப்படித்தான். சீட்டு விழுததுக்கு முன்னாடி, ஸ்கிரீன்ல அந்த வட்டம் சுத்தும் பாத்தீங்களா, அப்பம் ஒரு நிம்மதி. சீட்டு விழுந்த பெறகு ஒண்ணும் இல்ல."

குடிப்பது போதைக்காக, ஆடுவது பணத்துக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவர் இரண்டுமே வருவதற்கு முந்தைய ஒரு நொடியைப் பற்றிப் பேசினார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் பூக்கடை வரிசையில் நின்றபோது, எனக்கும் அப்படி ஏதாவது குறைகிறதா என்று கவனித்துப் பார்த்தேன். எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

ஆய்வின் முறைப்படி, ஒவ்வொரு வீட்டிலும் ஆடுகிறவரிடமும் வீட்டில் உள்ள இன்னொருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். அண்ணாச்சி தன் மனைவியிடம், 'குடியைப் பற்றி விசாரிக்கிறார்கள்' என்று சொல்லிவைத்திருந்தார். அது பொய் இல்லை, பாதி உண்மை.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிட்டேன். மதினி வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவர். நான் போனபோது மெஷின்மேல் கிடந்த துணிகளை ஒதுக்கி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மூத்த மகள் கல்லூரியில், இளையவள் பள்ளியில். குடியைப் பற்றிக் கேட்டதும், "எங்க வீட்டுக்காரரு மாறிட்டாரு மேடம். கோயில் திசையப் பாத்துக் கும்பிடுதேன் தெனமும்" என்றார். கணவர் குடியை விட்டபோது தான் எப்படிப் பயந்தார், இளைய மகள் எப்படி அப்பாவின் வாயை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள் என்றெல்லாம் சொன்னார்.

அடுத்து டேப்லெட்டில் இருந்த கேள்வி: 'அவர் குடும்பத்தினருடன் நேரம் செலவிடுகிறாரா?'

"வீட்லதான் இருக்காரு" என்றார். மெஷினின் சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டினார். "ஒண்ணு சொல்லட்டுமா? குடிச்சப்பயாவது வந்து சண்டை போடுவாரு. நானும் நாலு வார்த்தை பேசுவேன். இப்பம் சண்டையும் கிடையாது, ஆளும் கிடையாது. ஒக்காந்திருக்காரு. ஆனா ஆளு இல்ல."

எதில் சேர்ப்பது என்று தெரியாமல் நான் டேப்லெட்டைப் பார்த்தேன். 'அடித்தாரா', 'திட்டினாரா', 'பொருளை உடைத்தாரா' என்று வரிசையாக இருந்தன. இருந்தும் இல்லாமல் இருந்தாரா என்று ஒன்று இல்லை. கீழே இருந்த பெட்டியில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

புறப்படும் நேரத்தில், மதினி வாசல்வரை வந்து, உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எம்மா, நீ படிச்ச பிள்ளை. ஒரு சந்தேகம். குடிய விட்டவங்களுக்கு வேற பொம்பளை சகவாசம் வருமா?"

"ஏன் மதினி?"

"எப்பம் பாத்தாலும் ஃபோனு. நான் கிட்டப் போனா மறைக்காரு. தானா பெருமூச்சு விடுதாரு. அந்தப் பக்கம் யாரோ இருக்கா."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பக்கம் யாரும் இல்லை மதினி, பதின்மூன்று சீட்டுதான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவர் முகம் தெளிந்திருக்கும். "நீங்களே அவர்ட்டக் கேளுங்களேன்" என்று மட்டும்தான் சொன்னேன். "கேட்டா, ஆமான்னு சொல்லிட்டாருன்னா?" என்று திருப்பிக் கேட்டார்.

பேராசிரியைக்கு ஃபோன் செய்தேன். இந்தம்மாவிடம் சொல்ல முடியாது, சரி. அண்ணாச்சியிடமாவது, உங்கள் வீட்டில் இப்படிச் சந்தேகப்படுகிறார்கள் என்று சொல்லலாமா? "கூடாது" என்றார். "அதுவும் அந்தம்மா உங்களை நம்பிச் சொன்னது. ரெண்டு பக்கமும் உங்க வாய் கட்டித்தான் இருக்கணும்."

"அப்ப நான் எதுக்கு மேடம்?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் ஒரு வழி சொன்னார். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இல்லாமல், ஆய்வில் சேர்ந்த எல்லா வீட்டுக்கும் ஒன்றைச் சொல்லலாம்: கணவனும் மனைவியும், அல்லது அப்பாவும் மகனும், சேர்ந்து வந்து பேச விரும்பினால், நாங்கள் ஓர் இடமும் ஒரு மணி நேரமும் தருவோம். வந்தால் அவர்களாகப் பேசட்டும்; நாம் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

நான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். பெரும்பாலோர் "பாக்கலாம்" என்றார்கள். அண்ணாச்சியும் "பாக்கலாம்" என்றார். மதினி, அந்த இடம் எங்கே என்று மட்டும் கேட்டார். பிறகு பனவடலிசத்திரம் பக்கத்துக் கிராமங்களில் வேலை இருந்ததால் நான் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. ஆனால் நினைப்பு அங்கேதான் இருந்தது. யார் முதலில் கூப்பிடுவார்கள்? கூப்பிடுவார்களா? கதையைப் பாதியில் மூடி வைத்ததுபோல இருந்தது.

அண்ணாச்சிதான் கூப்பிட்டார். "மேடம், அந்த இடம்னு சொன்னீங்கள்லா. ஞாயித்துக்கிழமை வாரோம். எங்க வீட்டம்மாதான் போவோம்னு சொல்லுதா."

மாலையில் டியூஷன் நடக்கும் ஒரு மாடி அறையைப் பகலில் எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். சுவரில் தமிழ் உயிரெழுத்துப் படம். இருவரும் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மதினி நல்ல சேலை கட்டி, பூ வைத்திருந்தார். முகம் மட்டும் கல்லாக இருந்தது. எதையோ கேட்கத் தயாராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "நான் ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"ஃபோன்ல..."

"ஃபோன்ல யாரு?"

"யாரா? ரம்மி."

"ரம்மியா? எந்த ஊர்க்காரி?"

அண்ணாச்சி விழித்தார். நான் உயிரெழுத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டேன். "சீட்டுடி! ரம்மின்னா சீட்டு!" என்று அவர் ஃபோனைத் திறந்து காட்டினார். மதினி அதை வாங்கிப் பார்த்தார். ராணி, ராஜா, ஜோக்கர். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மறுபடியும் ஃபோனைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "இதுக்கா? இந்தச் சீட்டுக்கா நான் சோறு தண்ணி எறங்காம கெடந்தேன்?"

மதினி என்ன நினைத்திருந்தார் என்று அண்ணாச்சிக்கு அப்போதுதான் புரிந்தது. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் அப்படிச் சிரித்ததைப் பார்த்து, எல்லாம் முடிந்தது, கிளம்பலாம் என்றே நான் நினைத்துவிட்டேன்.

"ஆடிக் காட்டுங்க பாப்போம்" என்றார் மதினி.

"எதுக்கு?"

"இதுல என்னதான் இருக்குன்னு பாக்கணும் எனக்கு."

நான் குறுக்கிட்டு, பணம் கட்டி ஆட வேண்டாம் என்றேன். பழகுவதற்கென்று பணமில்லாமல் ஆடும் இடம் அதிலேயே இருந்தது. அண்ணாச்சி அதைத் திறந்தார். வட்டம் சுற்றியது. சீட்டு விழுந்தது. மதினி ஃபோனைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியின் தோள்கள் மெல்ல மேலே ஏறின. கழுத்து உள்ளே இறங்கியது. விரல் மட்டும் அசைந்தது. மூச்சைப் பிடித்து வைத்திருந்தார். நெஞ்சு அசையவே இல்லை. "என்னங்க" என்றார் மதினி. பதில் இல்லை. "என்னங்க, தண்ணி வேணுமா?" பதில் இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. கணவரின் தோளைத் தொட்டு, கொஞ்சம் சத்தமாக, "ஏங்க!" என்றார். அண்ணாச்சி திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"என்ன?"

"நான் கூப்பிட்டது கேக்கலியா?"

"எப்பம் கூப்பிட்ட?"

"இதுல பணமே இல்லியே. பெறகு எதுக்கு மூச்சப் பிடிச்சிட்டு இருக்கீங்க?"

"நானா?" என்றார் அண்ணாச்சி. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. நெஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்தார். நான் இருப்பதையே மறந்து, இருவரும் அந்த நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதத்தான் நான் தெனமும் பாக்கேன்" என்றார் மதினி. "ஒரு பொம்பளையா இருந்தாக்கூட போயி ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்திருப்பேன். இதுக்கிட்டப் போயி யார்கிட்டச் சண்டை போட?"

அதற்குப் பிறகுதான் மதினிக்கு அழுகை வந்தது. மகள் படிப்புக்கென்று எடுத்து வைத்ததில் ஒரு பகுதி இதில் போயிருப்பதையும் அண்ணாச்சி அன்றே சொல்லிவிட்டார். மதினி திட்டினார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே போய் மாடிப்படியில் நின்றேன். கீழே தெருவில் ஒருவர் தள்ளுவண்டியில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டு போனார். உள்ளே குரல் ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று தோன்றியது. அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படித் தோன்றியது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

மறுவாரம் அவர்கள் இருவரும், அவர் குடியை விட்ட அதே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குடிக்கு மாத்திரை இருந்தது, இதற்கு என்ன இருக்கிறது என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம். அங்கே ஒரு மருத்துவர் வாராவாரம் வரச் சொல்லி, உட்கார வைத்துப் பேசினாராம். "வெறும் பேச்சுத்தான் மேடம். ஆனா அந்தாளு கேக்குத கேள்வி வீட்டுக்கு வந்த பெறகும் காதுக்குள்ள கேக்குது" என்றார்.

சாயங்காலங்களை என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. மதினி தனக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்து, ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைக்கக் கொடுத்தார். நேர்த்தியாகத் தைத்தார். கொஞ்ச நாளில் சலித்துப்போனது. "கொக்கி தச்சே சாமியாராப் போயிருவேன் போல" என்று என்னிடம் புலம்பினார். பிறகு இளைய மகளோடு சேர்ந்து ஸ்டேஷன்வரை நடந்துபோய், ரயில் வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அது ஓரளவு ஒத்துவந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே கோயில் பக்கம் போயிருந்த ஒரு பகலில், வீட்டில் தனியாக இருந்தவர் மறுபடியும் ஆடிவிட்டார். அன்றைக்கே மதினியிடம் சொல்லிவிட்டார். எனக்கு ஃபோன் செய்து அதைச் சொன்னவர் மதினிதான். "ஆடிட்டாரு. ஆனா வந்து சொல்லிட்டாரு. இத எதுல எழுதுவ நீ?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. டேப்லெட்டில் 'மீண்டும் ஆடினார்' என்றுதான் இருந்தது. இப்போதும் கீழே இருந்த பெட்டியில்தான் எழுத வேண்டியிருந்தது.

எனக்கு உள்ளூர வேறொரு பயம் இருந்தது. ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தவர், இதை விட்டதும் பழையதற்கே திரும்பிவிடுவாரோ என்று. பேராசிரியையிடம் கேட்டேன். சிலர் திரும்புவார்கள், சிலர் திரும்ப மாட்டார்கள், யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் யாருக்கும் தெரியாது, அதற்காகத்தான் இந்த ஆய்வே என்றார். நிறையப் படித்த ஒருவர் 'தெரியாது' என்று இவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்குத் தைரியமாக இருந்தது. அண்ணாச்சி குடிக்குத் திரும்பவில்லை. ஏன் என்று அவரிடமே கேட்டேன். "தெரியல மேடம். கை நடுங்கினது மறக்கல, அதுவா இருக்கலாம்" என்றார்.

பிறகு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. ஆய்வில் இருந்த எல்லோரிடமும் அதைப் பற்றி ஒரு சுற்று கேட்டோம். சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர், அதில் இருந்த தன் பணத்தை எப்படி எடுப்பது என்று என்னிடம் கேட்டார். அண்ணாச்சி, "அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்" என்றார். கூடவே, "மறுநாளே வேற ஒருத்தன் லிங்க் அனுப்பிட்டான்" என்றார்.

"என்ன செஞ்சீங்க?"

"கொஞ்ச நேரம் அதப் பாத்துட்டே இருந்தேன். பெறகு அவகிட்டக் குடுத்துட்டேன். அவ அழிச்சிட்டா."

ஆய்வு முடிந்தது. டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அறிக்கையில் எங்கள் ஊரின் பெயர் வரவில்லை, யாருடைய கதையும் வரவில்லை. கேள்வித்தாளில், குடும்பங்களுக்கு ஏற்படும் தீங்குகளைக் கேட்கும் பகுதியில், 'உடன் இருந்தும் இல்லாததுபோல் இருப்பது' என்று புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருந்தது. நிறைய வீடுகளில் இதைப் போல ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள் என்று பேராசிரியை சொன்னார். மற்ற வீடுகளில் எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் கூடாதுதான்.

ஆய்வில் சேர்ந்தவர்களை வெளியில் பார்த்தால், அவர்களாகப் பேசாதவரை நாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. வேலை முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன மாதம் புளியங்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகப் பஸ் ஏறினேன். இரண்டு வரிசை முன்னால் அண்ணாச்சியும் மதினியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மதினி ஏதோ சொல்ல, அவர் மறுத்துப் பேச, இருவருக்கும் சின்னதாக ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்வது என்பதைப் பற்றி. பாதி வழியில் அவர் தற்செயலாகத் திரும்பி என்னைப் பார்த்துவிட்டார்.

"மேடம்!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படிக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினார். "பட்டன் ஃபோனுக்கு மாறிட்டேன்!"

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. மதினி எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பெரிய ஃபோன் எங்கிட்ட இருக்கு. இப்பம் நான்தான் அதுல படம் பாக்கேன்" என்றார். பிறகு கிட்டத்தில் குனிந்து, "நேத்து அவரு என்னக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்காரு. எனக்குக் காதுலயே விழல. இதுவும் ஒரு சீக்கா எம்மா?" என்று கேட்டார்.

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "தெரியல மதினி" என்றேன். என்ன படம், எவ்வளவு நேரம், பார்க்கும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் விசாரிக்க ஆரம்பித்தேன். அவரும் யோசித்து யோசித்துப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ் புளியங்குடியை நெருங்கிவிட்டது.